பச்சை வியாழன்

லிண்டன்ரோடா
26 பிப்ரவரி 2023, ஞாயிறு

அன்பு மருமகள் லானுக்கு,

மாமனார் லோதர் எழுதுவது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். போனில் பேசலாமே என்று உன் புருஷன் ரோனி கத்துகிறான். அவன் கத்துவது எனக்குத் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரிதான் கேட்கிறது. கடிதம் என்றால் நிம்மதி. கடிதம் குறுக்கே பேசாது.

ஈஸ்டரை ஒட்டி பிள்ளைகளின் பாலர் பள்ளியை இரண்டு வாரம் மூடப்போகிறார்களாமே, ஆளில்லை என்று. ரோனி கடலில் மின்சாரக் காற்றாலைகளுக்கு எண்ணெய் போடப் போய்விடுவான். உனக்கோ ஆஸ்பத்திரி டியூட்டி. அப்புறம் என்ன யோசனை? இரண்டு குட்டிகளையும் இங்கே அனுப்பு. கோழி இருக்கிறது, முயல் இருக்கிறது, நான் இருக்கிறேன். மூன்றில் நான்தான் கொஞ்சம் அழகு குறைவு.

கிழவன் உருளைக்கிழங்கை அவித்துப் போட்டே பிள்ளைகளைக் கொன்றுவிடுவான் என்று நினைக்காதே. போன வசந்தத்தில் நீ என் அடுப்பில் செய்ததை எல்லாம் ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருக்கிறேன். சோற்றில் முட்டையை உடைத்துப் புரட்டினாய். வெள்ளரிக்காயைக் கத்தியால் வெட்டாமல் முஷ்டியால் குத்தினாய். அதுவும் ஒரு சமையலா என்று அன்றைக்கு நினைத்தேன், பிறகு தட்டை வழித்து நக்கியது நான்தான். பிறந்து வளர்ந்தது லைப்சிக், ஆனால் உருளைக்கிழங்கைக் கண்டால் மட்டும் நேற்றுத்தான் வியட்நாமிலிருந்து கப்பல் இறங்கின மாதிரி உன் மூஞ்சி போகும் போக்கு இருக்கிறதே!

நேற்று பால் காய்ச்சிக்கொண்டே வானொலி கேட்டேன். பக்கத்து வீட்டு ஹில்ட்ரூட் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "லோதர், உள்ள என்னத்தய்யா எரிக்கிற? பழைய செருப்பா?" என்றாள். "ஆமா, உன் புருஷனோடது"ன்னேன். உள்ளே போய்ப் பார்த்தால் பால் சட்டி கரியாகிக் கிடக்கிறது. நல்ல சட்டி, பாவம்.

பதில் போடு. பிள்ளைகளுக்கு மூக்கோடு மூக்கு முத்தம்.

அனாதையாய்ச் சட்டி தேய்த்துக்கொண்டிருக்கும்
லோதர்


லைப்சிக்
4 மார்ச் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

லான் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்குமுன்பே இடா அதை மூக்கில் வைத்துப் பார்த்து, "அம்மா, தாத்தா தீஞ்சு போயிட்டாரு" என்றாள். ஐந்து வயதில் நாக்கு இப்படி நீளுகிறது, யாரிடமிருந்து வந்ததோ! ஆனால் அவள் சொன்னது உண்மை மாமா. தாளில் கரிந்த பால் நாற்றம் அப்படியே ஏறியிருக்கிறது.

பென்னோவுக்குப் போன வாரம் சளி. இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், மேலே ஒரு முட்டை. மூன்று வயதாகியும் அவன் வெள்ளையாக இருப்பதைத்தான் சாப்பிடுவான். சோறு, டோஃபு, முட்டையின் வெள்ளை. சூப்பில் பச்சையாக ஒரு துணுக்கு மிதந்தாலும் விரலால் எடுத்துச் சூடேற்றிக்குப் பின்னால் போட்டுவிடுவான். சனிக்கிழமை துடைக்கப் போனால் அங்கே ஒரு காய்கறித் தோட்டமே காய்ந்து கிடக்கிறது. கொழுக்கட்டைக்குள் ஒளித்து வைத்தால் மட்டும் பச்சை உள்ளே போகும்.

உங்களிடம் அனுப்ப எனக்கும் ஆசைதான். வேறு வழியும் இல்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதீர்கள். உங்களுக்கு வாசனை தெரிகிறதா? கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வைத்த கிரீம் கேக் திரிந்து போயிருந்தது. நானும் ரோனியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீங்கள் இரண்டு துண்டு சாப்பிட்டு, "இன்னும் ஒண்ணு வைம்மா" என்று தட்டை நீட்டினீர்கள். அன்று எதுவும் சொல்லாமல் விட்டேன். முந்தைய குளிர்காலத்தில் உங்களுக்கு வந்த காய்ச்சலுக்குப் பிறகு எங்கள் வார்டிலேயே பலருக்கு மூக்கு திரும்பவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உண்மையை எழுதுங்கள்.

அன்புடன்
லான்


லிண்டன்ரோடா
9 மார்ச் 2023

அடி என் நர்சம்மா,

கிழவனுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் நாடி பிடித்துப் பார்க்கிறாய். அந்தக் கேக் ஹில்ட்ரூட் கொடுத்தது. அவள் மனசு நோகக் கூடாதே என்று தின்றேன். நல்லவனாக இருந்தால் இந்தக் குடும்பத்தில் இதுதான் கதி.

என் மூக்கைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? கூட்டுப் பண்ணைக் காலத்தில் பால் லாரி ஓட்டியவன் நான். கேனின் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்தால் போதும், எந்தத் தொழுவத்துப் பால், எப்போது கறந்தது, மாடு என்ன தின்றது, எல்லாம் சொல்வேன். ஆய்வுக்கூடத்துக்காரன் கண்ணாடிக் குழாயை ஆட்டிக்கொண்டிருப்பான், நான் அதற்குள் அடுத்த ஊர் போயிருப்பேன். போதுமா?

இனி நல்ல சேதி. காட்டுப் பூண்டிலை முளைத்துவிட்டது. போன வருஷம் நீ சீனத்துப் பூண்டுத்தாளுக்குப் பதிலாக இதை நறுக்கிக் கொழுக்கட்டைக்குள் வைத்தாயே, அதே இலை. இந்த வருஷம் மழை நல்ல மழை. காட்டுக்குள்ளே ஏறிப் போக என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை, ஆனால் ஏற வேண்டிய அவசியமும் இல்லை. கீழே புல்வெளி ஓரம் வரைக்கும் இறங்கி வந்து மண்டிக் கிடக்கிறது. குனிந்தால் கூடை.

ஹில்ட்ரூட்டுக்கு அதிலும் குறை. "ஓரத்துல பறிக்காத லோதர். அங்க அம்மணக்குமரி நிக்கிறா."

"எழுபத்தேழு வயசுல எனக்கு வேற என்ன வேணும்?"

"வெளயாடாதய்யா. மோந்து பாத்துப் பறி."

நீ நகரத்துப் பெண், உனக்குத் தெரியாது. அம்மணக்குமரி என்பது ஒரு செடி. இலையுதிர்காலத்தில் உடம்பில் ஓர் இலை கூட இல்லாமல் ஊதாப் பூவாக மண்ணிலிருந்து நேரே எழுந்து நிற்பாள். அதனால் அந்தப் பெயர். வெட்கம் வந்து துணி உடுத்துவது வசந்தத்தில். அந்த இலை பூண்டிலையின் அக்கா தங்கை மாதிரி இருக்கும். முழு விஷம். கசக்கினால் பூண்டு மணப்பது நம்முடையது, மணக்காதது அவளுடையது. இதை இந்த ஊரில் தவழ்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்கா தெரியாது?

அம்மணக்குமரியிடம் இதுவரை ஏமாறாத
லோதர்


லைப்சிக்
15 மார்ச் 2023

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை ரோனிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே, "பாத்தியா, அப்பா நல்லாத்தான் இருக்காரு" என்றான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடி வாசித்தேன்.

சனிக்கிழமை, ஏப்ரல் ஒன்றாம் தேதி, ரோனி பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்படியே வடக்கே துறைமுகத்துக்குப் போவான். சமையல் உங்களுக்குச் சுமையாக வேண்டாம். ரைஸ் குக்கரைக் கொடுத்தனுப்புகிறேன். அரிசியின் மேல் ஆள்காட்டி விரலை ஊன்றினால் முதல் கணு வரை தண்ணீர், அவ்வளவுதான். வேர்க்கடலை வெண்ணெயைச் சோயா சாஸிலும் கொஞ்சம் வெந்நீரிலும் கரைத்து நூடுல்ஸில் பிரட்டினால் இரண்டு பேரும் சண்டையில்லாமல் சாப்பிடுவார்கள். இடாவுக்கு வெள்ளரிக்காயைக் குத்தக் கொடுங்கள், ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். பென்னோ கஞ்சியில் முட்டையை அவனே உடைப்பான், ஓட்டைப் பொறுக்குவது உங்கள் வேலை.

பூண்டிலை மட்டும் வேண்டாம் மாமா. இந்த ஒன்றை எனக்காக.

இடா ஒரு விளையாட்டு அனுப்புகிறாள். இந்தத் தாளின் கீழ் மூலையில் சமையலறையிலிருந்து ஒரு சொட்டு வைத்திருக்கிறாள். என்ன என்று தாத்தா கண்டுபிடிக்க வேண்டுமாம். கண்டுபிடித்தால் உங்களுக்கு அவள் வரைந்த குதிரை கிடைக்கும். எனக்கு அது நாற்காலி மாதிரித்தான் தெரிகிறது, அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்
லான்


லிண்டன்ரோடா
19 மார்ச் 2023

லான் கண்ணுக்கு,

குதிரையை அனுப்பச் சொல். நாற்காலியாக இருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் கடிதத்தைத் தபால்காரி ரமோனா, பூனை செத்த எலியைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்ன லோதர், மருமக மீனையே மடிச்சு அனுப்பிட்டாளா? என் பையெல்லாம் நாறுது!" என்று திட்டினாள். "நாறலடி, மணக்குது. உனக்கு ரசனை இல்ல"ன்னேன். பெரிய சண்டை. இடாவிடம் சொல், மீன் சாறு! நீ நூடுல்ஸ் சூப்பில் தெளிக்கிறாயே, அதே சனியன். தாத்தா மூக்கு ஜெயித்தது.

இனியாவது என்னை நோயாளியாகப் பார்ப்பதை விடு. நான் ஏன் அலுத்துக்கொள்கிறேன் தெரியுமா? ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம் கட்டியிருக்கிறார்கள், வெள்ளைச் சுவர், பிளாஸ்டிக் பூ. அங்கே போன எங்கள் ஆள் ஒவ்வொருவனும் இப்படி ஒரு சின்னக் கேள்வியில்தான் ஆரம்பித்தான். 'அப்பா, உங்களுக்குக் காது கேக்குதா? அப்பா, கண்ணு தெரியுதா?' முதலில் கார்ச் சாவியை வாங்கினார்கள், அப்புறம் அடுப்பை. கடைசியில் பேரப் பிள்ளைகளையும். என்னிடம் மிச்சம் இருப்பது அந்த இரண்டு குட்டிகள் வருகிற வாரங்கள்தான். அதற்காக எந்தச் சோதனைக்கும் உட்காருவேன், பாஸும் ஆவேன்.

கட்டில் போட்டாயிற்று. முயல்களுக்குச் சேதி சொல்லியாயிற்று.

முதல் மாணவன்
லோதர்


லைப்சிக்
27 மார்ச் 2023

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் என்னைச் சிரிக்க வைத்தது, முதியோர் இல்லம் பற்றிய இடத்தில் அழவும் வைத்தது. உங்களிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கப் போவதில்லை. என்னை அப்படி நினைக்காதீர்கள்.

இடாவுக்கு இன்னொரு முறை விளையாட வேண்டுமாம். இந்தத் தடவை ரமோனாவின் பை நாறாதபடி தாளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன்மேல் உறை போட்டிருக்கிறேன். வாசம் மெலிசாகத்தான் இருக்கும். நீங்களாகவே, தனியாக, சொல்ல வேண்டும். இது கிடைத்த அன்றே பதில் எழுதிவிட்டால் பிள்ளைகள் கிளம்புவதற்குள் எனக்குக் கிடைத்துவிடும். காத்திருப்பேன்.

பென்னோவின் பையில் அவன் பன்றிக்குட்டித் துணிப்பொம்மை இருக்கும். அது இல்லாவிட்டால் தூங்க மாட்டான்.

அன்புடன்
லான்


லிண்டன்ரோடா
3 ஏப்ரல் 2023, திங்கள்

லான் கண்ணுக்கு,

பதில் தாமதம், மன்னி. மூக்குக்கண்ணாடியைக் கோழிக் கூண்டில் வைத்துவிட்டு மூன்று நாள் தேடினேன். அதற்குள் உன் படை வந்து இறங்கிவிட்டது.

வீடு வீடாக இல்லை. இடா முயல்களை எல்லாம் வரிசையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறாள். பெரிய கிடாய் முயல் கவனிக்கவில்லையாம், மூலையில் நிற்க வைத்திருக்கிறாள். பென்னோ பன்றிக்குட்டிக்கும் ஒரு கிண்ணம் சோறு கேட்கிறான். நேற்று நூடுல்ஸ், உன் முறைப்படி. வேர்க்கடலைக் குழம்பு பிள்ளைகள் தலைமுடியில் பாதி, வயிற்றில் பாதி. என்னுடைய சட்டைப் பையிலும் இரண்டு நூடுல்ஸ் இருந்தது, அது எப்படிப் போனது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"தாத்தா, உங்க சோறு பசை மாதிரி இருக்கு."

"விரல் கணு வரைக்கும்தான்டி தண்ணி ஊத்தினேன்."

"அம்மா விரலு சின்னது. உங்களுது கொழுப்பு விரலு."

பார், என் மேலேயே பழி.

விளையாட்டுக்கு விடை, இஞ்சி! மெலிசாக இருந்தது, ஆனால் என்னிடம் தப்புமா? பென்னோ கஞ்சிக்கு நீ தட்டுகிற இஞ்சியேதான். இடாவிடம் தாளைக் கொடுத்துச் சரிதானா என்று கேட்டேன். முகர்ந்து பார்த்து, "ஒண்ணுமே வரலையே தாத்தா" என்கிறாள். கள்ளி! சொல்லக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் பண்ணியிருப்பாள் போலிருக்கிறது. முகத்தில் ஒரு அசைவு இல்லை. சீட்டாட்டத்துக்கு நல்ல பிள்ளை.

வருகிற வியாழன் பச்சை வியாழன். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை பச்சை தின்னாதவன் வருஷம் முழுக்கக் கழுதை என்பது எங்கள் ஊர்ச் சட்டம். இதை இடாவிடம் சொல்லித் தொலைத்தேன். பிடித்துக்கொண்டாள். "அப்போ பச்சைக் கொழுக்கட்டை! அம்மா செஞ்ச மாதிரி! பென்னோ கழுதை ஆயிடுவான் தாத்தா!" பென்னோ கழுதையாக மாட்டேன் என்று அரை மணி நேரம் அழுதான். நீ வேண்டாம் என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் பிள்ளை அழுகிற அழுகைக்கு முன்னால் உன் சட்டம் நிற்கவில்லை. பச்சையே தொடாத பயல் தானாகக் கேட்கிறான், நீயே சந்தோஷப்படுவாய்.

இன்று காலை மூன்று பேரும் புல்வெளி ஓரம் போய்ப் பறித்தோம். நான் பறித்துப் போடப் போட, இடா ஒவ்வொரு இலையாக முகர்ந்து, "இது மணக்குது, இது மணக்கல" என்று இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தாள். மணக்காத குவியலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் சளி புடிச்சிருக்கு" என்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு குவியலையும் ஒன்றாக அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தோம். இப்போது ஈரத் துணி சுற்றி நிலவறையில் இருக்கிறது, வாடாமல்.

வியாழன் மதியம் உன்னை நினைத்துக்கொண்டு சாப்பிடுவோம்.

கொழுப்பு விரல்
லோதர்


லைப்சிக்
8 ஏப்ரல் 2023, சனி

அன்புள்ள மாமா,

போனை எடுங்கள். நேற்றிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன். ஹில்ட்ரூட் அம்மாவும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் போல, அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் வந்து சேரும் என்று தெரியும். பேசாமல் இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நான் நடந்துகொண்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. பென்னோ கரண்டியில் ஒரு கொழுக்கட்டையை வைத்து ஊதிக்கொண்டிருந்தான். நான் அதைத் தட்டிவிட்டது அவன் கையில் பட்டுவிட்டது, இன்னும் சிவந்திருக்கிறது. உங்களை நான் பிள்ளைகள் முன்னால் என்னவெல்லாம் சொன்னேனோ. சட்டியைக் குப்பைக் குழியில் கவிழ்த்துவிட்டு, இரண்டு பேரையும் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் கதவருகில் மாவுக் கையோடு நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆனால் மாமா, அந்த இரண்டாவது தாளில் எதுவும் இல்லை. இஞ்சியும் இல்லை, ஒரு சொட்டும் இல்லை. வெறும் தாள். உங்கள் பதில் வியாழக்கிழமை காலை டியூட்டி முடிந்து வந்தபோதுதான் கிடைத்தது. போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை, உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். பதில் வராமலே பிள்ளைகளை அனுப்பியது என் தப்பு, அதை நான் யார் மேலும் போடவில்லை.

மேசையில் சிதறிக் கிடந்த இலைகளில் ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பார்த்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் அம்மணக்குமரி. பிள்ளைகள் ஒரு வாய் கூட உண்ணவில்லை என்பதை நூறு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். இருவரும் நன்றாக இருக்கிறார்கள். இடா மட்டும், "தாத்தாவத் திட்டாதீங்க, நான்தான் சரியாப் பிரிக்கல" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். அவள் சரியாகத்தான் பிரித்திருக்கிறாள்.

கூடையில் மிச்சம் ஏதாவது நிலவறையில் இருந்தால் தொடாதீர்கள். அந்த விஷம் எப்படிப் போகும் என்று வார்டில் ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டு சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அப்புறம் அதுவும் நின்று, நன்றாகிவிட்ட மாதிரி இருக்கும். அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, காப்பி கேட்டு, எங்களைக் கேலி செய்தார். வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். டாக்டர்கள் சந்தோஷப்படவில்லை. அதற்கு மாற்று மருந்து கிடையாது. உள்ளே ஒவ்வொன்றாக நின்றுபோகும். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் ஏதாவது செய்ய முடியும்.

இனிப் பிள்ளைகள் உங்களிடம் தனியாக இருக்க மாட்டார்கள். இதில் நான் மாற மாட்டேன். ஆனால் நீங்கள் இங்கே வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். நான் சமைக்கிறேன், நீங்கள் கேலி செய்யுங்கள். ரோனி கடலிலிருந்து திரும்பியதும் உங்களை வந்து கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

போனை எடுங்கள் மாமா.

உங்கள்
லான்


லிண்டன்ரோடா
9 ஏப்ரல் 2023, ஈஸ்டர் ஞாயிறு

லானுக்கு,

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நீதான் என்று தெரியும். எடுக்க மாட்டேன். ரோஷம் எனக்கும் உண்டு.

சரி, ஒப்புக்கொள்கிறேன். மூக்கு போய்விட்டது. அந்தக் காய்ச்சலோடு போனது திரும்பி வரவில்லை. மீன் சாறும் ரமோனா சொல்லித்தான் தெரியும். இரண்டு குளிர்காலமாக எதைத் தின்றாலும் பஞ்சைத் தின்கிற மாதிரித்தான் இருக்கிறது. சொன்னால் பிள்ளைகளை அனுப்ப மாட்டாய் என்று பயந்தேன், அதனால் மறைத்தேன். ஆனால் மூக்குதான் போனது. கண்ணும் கையும் போகவில்லை. அறுபது வருஷமாக அந்தப் புல்வெளியில் இலை பறிக்கிறேன். இடா முன்னாலும் பென்னோ முன்னாலும் என்னைக் கொலைகாரன் என்றாய். பென்னோ என்னைப் பார்த்து பயந்துபோய் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அது எனக்கு இலையை விடக் கசக்கிறது.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? நீ சட்டியைத்தானே கவிழ்த்தாய். கூடையில் பாதி நிலவறையில் பத்திரமாக இருந்தது. நேற்று மதியம் அதை நறுக்கி, முட்டையும் டோஃபுவும் போட்டு, உன் கணக்குப்படி மாவு பிசைந்து, ஓரத்தை நீ செய்கிற மாதிரியே மடித்து மடித்து அழுத்தி, ஒரு சட்டி நிறையக் கொழுக்கட்டை அவித்தேன். தனியாக உட்கார்ந்து அத்தனையையும் தின்று தீர்த்தேன். விஷம் என்றாயே, பார்ப்போம் என்று. மேசையில் எனக்கு எதிரே பென்னோவின் கிண்ணத்தை வைத்துக்கொண்டேன்.

மறைக்காமல் சொல்கிறேன், சாயங்காலம் வயிறு கொஞ்சம் புரட்சி பண்ணியது. மேலும் கீழுமாக நன்றாகவே போனது. அவ்வளவு கொழுக்கட்டையும் அவ்வளவு கோபமும் ஒரே வயிற்றில் போனால் எந்த வயிறு தாங்கும்? இன்று காலை எழுந்தபோது எல்லாம் கழுவித் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வயிறு கப்சிப். உடம்பு லேசாக இருக்கிறது, பல மாசத்தில் இப்படி இருந்ததில்லை. விரல் நுனி மட்டும் கொஞ்சம் மரத்திருக்கிறது, அதனால்தான் எழுத்து கோணுகிறது. தாகம் வேறு. குடிக்கக் குடிக்கத் தண்ணீர் கேட்கிறது.

வெயில் நன்றாக அடித்தது. பிள்ளைகள் இல்லாவிட்டாலும் முட்டைகளுக்குச் சாயம் பூசித் தோட்டத்தில் ஒளித்து வைத்தேன். அப்புறம் எங்கே வைத்தேன் என்று நானே மறந்துவிட்டேன். கிணற்றடியில் ஒன்று, முயல் கூண்டுக்கு மேலே ஒன்று, மிச்சத்தை இடாதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது சொல். அது விஷ இலையாக இருந்தால் நான் இப்படி உட்கார்ந்து உனக்கு நாலு பக்கம் எழுதிக்கொண்டிருப்பேனா? தோற்றால் ஒப்புக்கொள்கிறவன் நான், பார்த்தாயே, மூக்கை ஒப்புக்கொண்டேன். இந்தத் தடவை நீ ஒப்புக்கொள். நாளைக்கும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை ரமோனா வந்தால் இதைக் கையில் கொடுத்து அனுப்புவேன், புதனன்று உனக்குக் கிடைக்கும். சனிக்கிழமை பிள்ளைகளோடு வா. திட்டியதற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம், சோறு வைக்கும்போது உன் சின்ன விரலால் தண்ணீர் அளந்து கொடு, போதும். வாசல் கதவைத் திறந்தே வைக்கிறேன்.

குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் உன் மாமனார்
லோதர்